வாசலைப் பார்த்திருக்கும் செருப்பு

நாடகக் குழுவில் அவளுக்குத் தட்டுமுட்டு என்று பெயர். மேடையில் நடிகரல்லாத அனைத்தும் அவள் பொறுப்பு: நாற்காலி, விளக்கு, மூக்குக் கண்ணாடி, கொலைக்கத்தி, கொலை முடிந்தபின் குடிக்கப்படும் தேநீர். நடிகர்கள் வசனத்தை மறந்தால் அதற்கு மன்னிப்பு உண்டு. தேநீர்க் கோப்பை இருக்க வேண்டிய இடத்தில் இல்லாவிட்டால் அதற்குக் கிடையாது. இளையவர்கள் 'தட்டுமுட்டு அக்கா' என்பார்கள். மூத்தவர்கள் அக்காவை விட்டுவிடுவார்கள்.

அவளுக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. வீட்டுப் பொருள் மேடை ஏறக்கூடாது. தொழிலுக்கு வந்த புதிதில், அவசரத்துக்குத் தன் வீட்டு மேசைக் கடிகாரத்தைக் கொண்டுவந்து வைத்தாள். கதாநாயகி இறந்து, கதாநாயகன் அவள் தலையை மடியில் ஏந்தி, அரங்கமே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த வேளையில் அது அலறியது. இறந்தவள் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தாள். வீட்டுப் பொருளுக்கு எங்கே போனாலும் வீட்டு நினைப்புத்தான் என்ற முடிவுக்குத் தட்டுமுட்டு அன்று வந்தாள். அதன்பின் வேண்டியதை வாங்கினாள். வாங்க முடியாததைச் செய்தாள். செய்ததை உப்புத்தாளால் தேய்த்துப் பழசாக்கினாள். வீட்டிலிருந்து ஒரு குண்டூசியும் எடுத்ததில்லை.

புதிய நாடகம், எச்சில் கையால் காக்கை ஓட்டாத ஒருவனைப் பற்றியது. தனிக்கட்டை, உறவென்று வருபவர் எவரையும் அண்டவிடாதவன். திரை விலகியதும் சில நிமிடங்களுக்கு மேடையில் ஆளே கிடையாது. அவனுடைய அறை மட்டும் இருக்கும். அவன் உள்ளே வருமுன்பே கூட்டத்துக்கு அவனைத் தெரிந்திருக்க வேண்டும் என்பது இயக்குநரின் திட்டம். இயக்குநரை எல்லாரும் 'அமைதி' என்பார்கள். ஒத்திகை நாள் முழுதும் அந்தச் சொல்லையே அவர் கத்திக்கொண்டிருப்பார். அவர் இருக்கும் இடத்தில் அது ஒன்றுதான் இருந்ததில்லை.

முதலில் அவள் இரும்புப் பெட்டி ஒன்றும், ஏழெட்டுப் பூட்டுகளும், ஒட்டுப்போட்ட போர்வையும் கொண்டுவந்து வைத்தாள். அமைதி கன்னத்தில் கைவைத்து அதை வெகுநேரம் பார்த்தார்.

"இது கஞ்சன் வீடு இல்லக்கா. கஞ்சன்னு போர்டு மாட்டின கடை."

அவள் எல்லாவற்றையும் திருப்பி எடுத்துப்போனாள். அடுத்த வாரம் முழுக்க மேடையில் தனியாக உட்கார்ந்து, ஒவ்வொரு பொருளாக வைத்தும் எடுத்தும் பார்த்தாள். பிறகு எதையும் யோசிக்கத் தேவையிருக்கவில்லை. கைக்கே எல்லாம் தெரிந்திருந்ததைப்போல வேலை தானாக நடந்தது. கழுவுமேடையில், கத்தரிக்கோலால் வயிற்றைப் பிளந்து, காய்ந்துபோகாமலிருக்கத் துணிமாட்டும் கிளிப்பால் வாயைக் கவ்விய பற்பசைக் குழாய். சுவரில் பத்து நிமிடம் முந்தி ஓடும் கடிகாரம். இரண்டு நாற்காலிகளில் ஒன்று உட்கார. மற்றொன்றின்மேல், எவரும் உட்கார முடியாதபடி, இடுப்புயரத்துக்குப் பழைய செய்தித்தாள். அலமாரியில், உயிர்போன மின்விளக்குகள் தத்தம் அட்டைப்பெட்டிக்குள் திரும்பவும் நல்லடக்கம் செய்யப்பட்டு வரிசையாக. கதவோரத்தில் ஒரு ஜோடிச் செருப்பு, மூக்கு வாசலைப் பார்க்க.

அமைதி உள்ளே நுழைந்தார், சிரித்தார், பிறகு வெளியே போய்த் திரும்பவும் நுழைந்து, மறுபடி சிரித்தார். கஞ்சனாக நடிப்பவர், ஊதினால் பறந்துவிடுவார் என்பதால் பீமன் என்று அழைக்கப்பட்டவர். அவர் கட்டிலில் படுத்துப் பார்த்து, இங்கே தனக்கு வசனமே வேண்டியதில்லை என்றார். யாரைப் பார்த்து இதையெல்லாம் பிடித்தாய் என்று கேட்டார். யாரையும் பார்க்கவில்லை, எல்லாம் கற்பனைதான் என்று அவள் உண்மையாகவே சொன்னாள்.

அவள் குடியிருந்தது அண்ணனின் வீட்டில். கணவரோடு ஒத்துவராமல் கிளம்பிய அன்று, ஒரு மாதம் இருந்து வேறு வீடு பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி வந்தவள். வந்து ஏழு ஆண்டாகிறது. அண்ணன் எதுவும் கேட்கவில்லை. பின்னறையில் கிடந்த தம்முடைய கருவிகளைக் கூடத்துக்கு மாற்றினார், அவ்வளவுதான். அவருக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. மணம் செய்துகொள்ளவில்லை, ஏன் என்பதற்கும் அவரிடமிருந்து ஒரு வாக்கியமும் வெளிவந்ததில்லை.

அவர் அவளுடைய நாடகம் எதையும் பார்த்ததில்லை. எந்த நேரத்தில் எந்தக் கட்டடத்திலிருந்து கூப்பிடுவார்கள் என்பது தெரியாது. இம்முறை முதல் காட்சியே ஞாயிறு பிற்பகலில். கூட வேலை செய்பவர் அன்று அழைப்புகளைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். அண்ணன் சீட்டையும் தாமே வாங்கினார். தங்கை வேலை செய்யும் இடத்துக்கு இலவசமாகப் போவது, தாம் பழுதுபார்த்த லிஃப்டில் வேலையின்றி மாடிக்கு மாடி சவாரி போவதற்கு ஒப்பாகும் என்பது அவர் கருத்து.

ஞாயிறு காலை, பல் துலக்கப் போனவள் கழுவுமேடையருகே நின்றுவிட்டாள். அண்ணன் கையில் கத்தரிக்கோல் இருந்தது. பற்பசைக் குழாயை நெடுக்கில் பிளந்து, உள்ளே ஒட்டியிருந்ததைப் பல்துலக்கும் பிரஷால் வழித்துக்கொண்டிருந்தார். முடித்ததும் வாயை மடித்துக் கிளிப்பை மாட்டினார்.

அவள் மெல்லத் திரும்பினாள். சுவரில் கடிகாரம். நாற்காலிமேல் செய்தித்தாள். அலமாரியில் வரிசையாக அட்டைப்பெட்டிகள். கதவோரத்தில் செருப்பு, மூக்கு வாசலைப் பார்க்க. தினமும் பார்ப்பதைக் கண் பார்ப்பதில்லை. கை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறது. வீட்டிலிருந்து ஒரு குண்டூசியும் அவள் எடுக்கவில்லை, வீட்டையே எடுத்துப்போயிருந்தாள்.

இன்னும் சில மணி நேரத்தில் முந்நூறு பேர் அந்த அறையைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவர்கள் நடுவே அண்ணன் உட்கார்ந்திருப்பார்.

அவர் கோபம் வந்தால் கத்துகிறவராக இருந்திருந்தால் அவள் இவ்வளவு கலங்கியிருக்கமாட்டாள். கத்தினால் ஓய்ந்துவிடும். பெரியப்பா மகன் ஒருவர் பலர் முன்னிலையில் அவருடைய சிக்கனத்தைக் கிண்டல் செய்தார். அண்ணன் கத்தவில்லை. மறுநாளிலிருந்து, கூடவே வளர்ந்த அந்த மனிதரை 'வாங்க, போங்க' என்று மிகுந்த மரியாதையோடு அழைக்கத் தொடங்கினார். இன்றுவரை அவர் வீட்டு வாசற்படி மிதித்ததில்லை. அந்த மரியாதை தனக்கும் வந்துசேர்ந்தால் இந்தக் கூரையின்கீழ் ஒரு நாளும் தன்னால் இருக்க இயலாது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. போவதற்கு வேறு கூரை இல்லை என்பதுகூடப் பெரிதில்லை. வேறு அண்ணன் இல்லை.

முதலில் அமைதிக்குத் தொலைபேசினாள். அறையில் சிலவற்றை மாற்றலாமா என்று கேட்டாள். இனி அந்தச் செருப்பைத் தொடுகிற கையைச் செருப்போடு சேர்த்து ஆணியடித்துவிடுவதாக அவர் அன்போடு தெரிவித்தார்.

பிறகு அண்ணனிடம் வந்தாள். அரங்கில் குளிர்சாதனம் தாங்கமுடியாது என்றாள். அவருடைய இருக்கைக்கு முன்னால் தூண் இருக்கிறது என்றாள். நாடகமும் அப்படியொன்றும் பிரமாதமில்லை, கதையில் பாதி இழுவை என்றாள். அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"நான் வரக்கூடாதுன்னா வர வேண்டாம்னு சொல்லும்மா. தூணை எதுக்கு இழுக்கறே?"

பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துப் பார்த்தாகிவிட்டது. அவள் சோற்றைத் தள்ளிவைத்தாள்.

"மேடையில ஒரு ரூம் போட்டிருக்கேன், அண்ணா. கஞ்சனோட ரூம். எனக்கே தெரியாம அது உங்க ரூமா வந்திருக்கு."

இஸ்திரிப்பெட்டி ஒரு கணம் நின்று, காலர்ப் பக்கம் நகர்ந்தது.

"எது வரைக்கும்?"

"டூத்பேஸ்ட் வரைக்கும்."

"ஜனங்க சிரிப்பாங்களா?"

"ஒத்திகையில சிரிச்சாங்க."

அவர் சட்டையைத் திருப்பிப் போட்டு, முதுகுப்பக்கத்தையும் முழுதாக முடித்தார். பிறகு, நீ கிளம்பும்போது சொல், நானும் முன்னதாகவே வந்து அதைப் பார்க்கிறேன் என்றார். 'நீ' என்றுதான் சொன்னார். அதை அவள் கவனித்துக்கொண்டாள். ஆனாலும், அவர் இன்னும் அந்த அறையைப் பார்க்கவில்லையே.

அரங்கில் அப்போது பீமனைத் தவிர எவருமில்லை. அவர் கட்டிலில் மல்லாந்து வசனத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அண்ணன் மேடையேறினார். லிஃப்டுக்குள் நுழையும்போது பார்ப்பதைப் போலவே முதலில் தலைக்குமேலே பார்த்தார், பிறகு காலடியில். பலகையை ஒருமுறை பாதத்தால் அழுத்திச் சோதித்தார். அதன்பிறகே அறையைப் பார்த்தார். அவள் ஓரத்திரையைப் பிடித்தபடி நின்றாள்.

கடிகாரத்தைத் தம் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டார்.

"பத்து நிமிஷம் முன்னாடி. இது எதுக்குன்னு வெச்சே?"

வந்த விருந்தாளிக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி அனுப்பிவைப்பதற்கு என்று அவள் நாடகத்தின் காரணத்தைச் சொன்னாள்.

"அது இங்க. வீட்டுல?"

அவள் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"நீ ஒத்திகைக்கு லேட்டா கிளம்புவே. அதுக்குத்தான்."

ஏழு ஆண்டாக அவள் அந்தக் கடிகாரத்தைப் பார்க்கும்போதெல்லாம் பத்து நிமிடத்தைக் கழித்துக்கொண்டே பார்த்துவந்தாள். ஆகவே அதனால் இதுவரை எவருக்கும் ஒரு நொடியும் மிச்சமானதில்லை. அதை அவள் இப்போது வெளியிட விரும்பவில்லை.

செய்தித்தாள் நாற்காலியை அவர் இரு கைகளாலும் பிடித்து ஆட்டினார். கால் நன்றாகத்தானே இருக்கிறது என்றார், குறை கண்டவரைப்போல. வீட்டிலுள்ளது ஆடும், எவராவது உட்கார்ந்து விழுந்துவைக்கப் போகிறாரே என்றுதான் அதன்மேல் பேப்பரை அடுக்கியிருக்கிறாராம்.

"சரி பண்ணிடலாமே, அண்ணா. பத்து மாடி லிஃப்டையே சரி பண்றீங்க."

"லிஃப்டுக்குக் கூப்பிடறாங்க. நாற்காலி கூப்பிடலையே."

பீமன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். உயிர்போன விளக்குகளை அண்ணன் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். கடைக்காரரிடம் அளவைச் சொல்லிப் புரியவைப்பதைவிடப் பழையதைக் காட்டி வாங்குவது எளிது, ஆனால் போகும்போது எடுத்துப்போக நினைவிருப்பதில்லை, ஆகவே சேர்ந்துவிட்டன என்றார். பற்பசைக் குழாயின்முன் அவர் சற்று நின்றார்.

"இது கஞ்சத்தனம்தான். இதை மாத்தாதே."

கடைசியாகக் கதவருகே வந்தார். செருப்பைப் பார்த்தபடி நின்றார். பீமன் உதவிசெய்ய விரும்பி, உறவினர் வரப்போவதாகக் கேள்விப்பட்டதுமே கஞ்சன் வெளியே ஓடிவிடுவான், அதற்காகத்தான் செருப்பு அப்படி ஆயத்தமாக இருக்கிறது, கூட்டம் அதிகம் சிரிக்கப்போவதும் இதற்குத்தான் என்று விளக்கினார்.

"லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டவனுக்கு நேரம் வேற மாதிரி ஓடும் சார்," என்றார் அண்ணன். "நான் குனிஞ்சு செருப்பைத் திருப்பிப் போட்டுக்கற நேரமும் அவன் கணக்குலதான் சேரும்."

சுவரில் மாட்டியிருந்த எச்சரிக்கைப் பலகையைப் படிப்பவரைப்போல அதைச் சொன்னார்.

தட்டுமுட்டு ஓரத்திரையை விட்டுவிட்டாள். தினமும் அந்தச் செருப்பைத் தாண்டித்தான் வேலைக்குப் போய்வந்தாள். அதில் அவள் படித்திருந்தது வேறு. இந்த மனிதருக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை; எப்போது வெளியே போகலாம் என்றிருக்கிறார்; தான் வந்து சேர்ந்ததிலிருந்துதான் இப்படி. அவள் வருமுன் செருப்பு எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று ஒருமுறையாவது கேட்டிருக்கலாம்.

அண்ணன் குனிந்து செருப்பை ஒரு சாண் தள்ளிவைத்தபோது பின்னாலிருந்து அமைதியின் குரல் அரங்கை நிறைத்தது. யார் அது செருப்பைத் தொடுவது என்றார். அவள் முன்னால் வந்தாள்.

"அண்ணன்."

"யாருக்கு?"

"எனக்கு. அந்தச் செருப்புக்குச் சொந்தக்காரரும் அவர்தான். மத்ததுக்கும்."

அமைதி முதன்முதலாக அமைதியாக இருந்தார். அறையையும் மனிதரையும் மாறிமாறிப் பார்த்தார். கதவுக்கு அவ்வளவு அருகில் இருந்தால் திறக்கும்போது இடித்துத் தள்ளிவிடும், அதனால்தான் நகர்த்தினேன் என்று அண்ணன் விளக்கினார். அமைதி கதவைத் திறந்து பார்த்துவிட்டு, இப்போது இடிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, இதில் உங்களுக்கு வருத்தமென்றால், என்று தொடங்கி, அந்த வாக்கியத்தை எப்படி முடிப்பதென்று தெரியாமல் நின்றார்.

"கூட்டம் நிச்சயமா சிரிக்குமா?" என்று கேட்டார் அண்ணன்.

"சிரிக்கலைன்னா நான் தொழிலை விட்டுடறேன், சார்."

"அப்ப இருக்கட்டும்."

சொல்லிவிட்டு இறங்கிப்போய்த் தம் இருக்கையில் உட்கார்ந்துகொண்டார். அவருக்கு முன்னால் தூண் எதுவும் இல்லை.

கூட்டம் சிரித்தது. தொழிலை விட வேண்டிய அவசியம் அமைதிக்கு நேரவில்லை. வெளிச்சம் பற்பசைக் குழாய்மேல் விழுந்ததும் முன்வரிசையில் தொடங்கிய சிரிப்பு, நாற்காலிக்கு நகர்ந்தபோது நடுவரிசைக்கும், செருப்புக்கு வந்தபோது கடைசி வரிசைக்கும் பரவிவிட்டது. அவள் ஓரத்திரையின் இடுக்கு வழியாக ஒரே ஒரு முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பற்பசைக்கு அவரும் சிரித்தார், மற்றவர்களைவிடச் சற்றுத் தாமதமாக. நாற்காலி வந்தபோது, பக்கத்தில் தொடையைத் தட்டிச் சிரித்தவரிடம் ஏதோ விளக்கிச் சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டார். செருப்புக்கு அவர் சிரிக்கவில்லை, முகம் வாடவுமில்லை. மடியில் கைகோத்து, சிரிப்பு முடியட்டும் என்று காத்திருந்தார். அவர் வாழ்க்கையில் நிறையக் காத்திருந்தவர் என்று அவளுக்குத் தோன்றியது. எதற்காக என்று தோன்றவில்லை.

திரும்பும்போது பேருந்தில், மேடைத் திரையின் கப்பி ஒரு பக்கம் எண்ணெயின்றிக் கிடப்பதைப் பற்றிப் பேசினார். இறங்கவேண்டிய நிறுத்தம்வரை அதையே பேசினார். அவள் உம் கொட்டினாள். கப்பிக்குள் வேறு ஏதேனும் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள், கப்பிதான் வந்தது.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருக்கவில்லை. அவர் கைகால் கழுவிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தார். அவளால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"கோவமா, அண்ணா?"

"எதுக்கு?"

"எல்லாரும் சிரிச்சாங்களே."

சிரிப்பதற்கென்றே கிளம்பி வந்தவர்கள் சிரித்ததில் என்ன கோபம் என்றார். பிறகு எழுந்து, பின்னறை வாசலில் போய் நின்றார். அவள் வந்ததிலிருந்து அந்த நிலைப்படியைத் தாண்டி அவர் உள்ளே போனதில்லை, இப்போதும் போகவில்லை.

"ஒண்ணு கேக்கறேன். இந்த ரூமை அப்படியே மேடையில வெச்சா, ஜனங்க பார்த்துட்டு என்னன்னு சொல்வாங்க?"

அவள் அவருக்குப் பக்கத்தில் போய் நின்று உள்ளே பார்த்தாள். அடுத்தவர் பொருளைப் பார்த்தே பழகிய கண்ணால், தன் அறையை முதல் தடவையாகப் பார்த்தாள். இரண்டு செங்கல்மேல் அவளுடைய பெட்டி, மூடி திறந்திருந்தது. காலையில் துணியை அதிலிருந்து எடுப்பாள். துவைத்துக் காய்ந்ததும் மடித்து அதற்குள்ளேயே வைப்பாள். அவளுக்கென்று அவர் வாங்கி, கடையாட்கள் கொண்டுவந்து வைத்த அலமாரி சுவரோரம் நின்றது; அதற்குள் பூச்சியுருண்டை தவிர வேறெதுவும் குடியேறவில்லை. சோப்பும் சீப்பும் பயணப் பையில் இருந்தன. முகம்பார்க்கும் கண்ணாடி தரையில் சுவரில் சாய்ந்திருந்தது. தலைவாரும்போது அதன்முன் சம்மணமிட்டு உட்கார்ந்துகொள்வாள். சுவரில் ஓர் ஆணியும் இல்லை.

இதற்கு எந்த இயக்குநரும் வேறு அறை கேட்கமாட்டார். கூட்டம் ஒரு பார்வையிலேயே புரிந்துகொண்டுவிடும்.

"நாளைக்குக் கிளம்பப் போறவளோட ரூம்னு சொல்வாங்க," என்றாள்.

"நானும் அப்படித்தான் படிச்சேன். ஏழு வருஷமா." அவர் அவளைப் பார்க்காமல் அலமாரியைப் பார்த்துச் சொன்னார். "தப்பா படிச்சேனா?"

அவள் பேச்சு துண்டுதுண்டாக வந்தது. இடத்தை அடைத்துக்கொண்டாள் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றக்கூடாது. போ என்று சொல்ல அவருக்கு வாய் வராது. ஆகவே சொல்லாமலேயே போகிற நிலையில் தான் இருக்கவேண்டும். அதற்காகத்தான் பெட்டியைப் பிரிக்கவில்லை. சுவர் அவருடையது, அதனால் ஆணி அடிக்கவில்லை. அவர் வெளியே போகவே பார்க்கிறார் என்று நினைத்திருந்ததையும் சொன்னாள். அவர் குறுக்கிடாமல் கேட்டார். லிஃப்டில் எங்கே கோளாறு என்று உள்ளே சிக்கிக்கொண்டவர்கள் சொல்வதைக் கேட்கும்போதும் அப்படித்தான் கேட்பார்.

அவள் முடித்ததும் அவர் திரும்பினார். கூடத்துக்குப் போனார். கருவிப்பெட்டியை உருட்டும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் சுத்தியலும் வாயில் ஓர் ஆணியும் இருந்தன. நிலைப்படியில் ஒரு கணம் தயங்கி, உள்ளே வந்தார். தரையிலிருந்த கண்ணாடியைத் தூக்கிச் சுவரில் பொருத்திப் பிடித்தார். ஆணி வாயிலிருந்ததால் புருவத்தாலேயே உயரத்தைக் கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் மேல, அண்ணா."

அவர் உயர்த்தினார்.

"அவ்வளவு வேணாம். அது உங்க உயரம்."

அவர் இறக்கினார். அவள் முகம் கண்ணாடிக்குள் வந்து நின்றது. அந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, அவர் அடிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பெட்டியருகே உட்கார்ந்து, மேலாக இருந்த துணிகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அலமாரிக் கதவு திறக்கப்படாமலேயே இருந்ததால் இறுகியிருந்தது. இருவரும் சேர்ந்து இழுத்தபோது வந்தது.

மறுநாள் காலை அவள் நின்றபடியே தலைவாரிக்கொண்டாள்.